ஆகாது என்று சொல்ல ஓர் ஆள்

தையற்கடை வைத்திருப்பவன் வாயில் 'முடியாது' என்ற சொல் வரக்கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கடையில் உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே தானாக வந்துவிட்டது. ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஓர் அம்மா ஆறு ஜாக்கெட் துணியைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, "நாளைக்கு சாயந்திரம் ஆவுமா?" என்பார். என் முதுகுக்குப் பின்னால் தைக்காத துணி கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். நான் "ஆவும்மா" என்பேன். அவரும் அதை நம்ப மாட்டார். ஆனாலும் முகம் மலர்ந்து போவார். முடியாது என்று சொன்னால் அந்த முகம் வாடுவதை எதிரே நின்று பார்க்க வேண்டும். ஆவும் என்றால் அந்த வாட்டம் மறுநாளைக்குத்தான். மறுநாள் அவர் திட்டும்போது நான் தலையைக் குனிந்துகொண்டு மெஷினை மிதித்துக்கொண்டிருக்கலாம். திட்டு வாங்குவது எனக்குக் கஷ்டமில்லை. ஒருவர் முகத்துக்கு நேராக மறுப்பதுதான் கஷ்டம்.

மற்ற டெய்லர்களுக்கு இது வியாபாரத் தந்திரம். எனக்கு வெறும் கூச்சம். பெண்களுக்குத் தைக்கிறவன் நான், ஆனால் இந்த ஐம்பது வயதிலும் அளவெடுக்கக் கூச்சம். அளவு ஜாக்கெட் கொண்டுவரச் சொல்லிவிடுவேன். கொண்டுவராதவர்களுக்கு என் மனைவி திரைக்கு உள்ளே டேப் பிடிப்பாள். நான் இந்தப் பக்கம் நின்று அவள் சொல்லும் எண்களை எழுதிக்கொள்வேன். "எங்க பாவாகிட்ட ரயிலுக்கு ஒரு ஜாக்கெட் தச்சுக் குடுங்கன்னு கேளுங்க. ஆவும், அளவு ரயில கொண்டாந்து குடுங்கன்னு சொல்லுவாரு" என்று அவள் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவள் ஆந்திராவில் நகரிப் பக்கம் பிறந்தவள், எனக்கு அத்தை மகள், அதனால் நான் அவளுக்குப் பாவா. எங்கள் வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். சண்டை வந்தால் இரண்டும்.

மேடம் முதலில் வந்தது ஒரு புதன்கிழமை மதியம். மலைக்கோயிலுக்குப் போய்ப் படியில் இறங்கும்போது ஜாக்கெட்டின் கைமூட்டுத் தையல் விட்டுப்போயிருந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார். ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, அதற்குள் ஆகுமா என்றார். இது நிஜமாகவே ஆகிற வேலை. மனைவி அவரைத் திரைக்கு உள்ளே அழைத்துப் போய்த் தன் சால்வையைக் கொடுத்து உட்காரவைத்தாள்.

"அந்த பச்ச நூலு எங்க வெச்சிகினே?" என்று நான் மனைவியைக் கேட்டேன்.

"உங்க கண்ணுக்கு எதுக்கதான் குந்திகினு கீது. எழுந்து வந்து வணக்கம் சொல்லணுமா?"

திரைக்கு உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல், "நீங்க ரெண்டு பேரும் இந்த ஊரேவா?" என்று கேட்டது. மனைவி எங்கள் கதை முழுவதையும் சொல்லிவிட்டாள். நான் இங்கேயே பிறந்தவன், பத்தாவதோடு நின்றவன், எங்கள் தாத்தா காலத்தில் தறி இருந்தது, பிறகு எல்லாரும் ஊசிக்கு வந்துவிட்டோம் என்பது வரைக்கும். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்த அந்த அம்மா கடைசி ரயில் வரைக்கும் போகவே இல்லை.

அவர் சென்னைப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுப்பவர். என்னைவிட மூன்று நான்கு வயது சிறியவர். ஏழு வருஷமாக ஓர் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். நடுவில் மாமியார் படுக்கையில் விழுந்தது, மகனுடைய படிப்பு, கல்லூரியில் ஆள் குறைவு என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது. பல்கலைக்கழகத்தில் கடைசி முறையாகத் தவணை நீட்டிக் கொடுத்திருந்தார்கள். வருகிற மார்ச்சுக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருஷமும் போச்சு. இந்த ஆந்திர எல்லைப் பக்கத்தில் பிறந்து, இரண்டு மொழியும் பேசி, அதிகம் படிக்காத ஒருவர் அவருக்கு வேண்டுமாம். வாரம் ஒரு நாள் வந்து கேள்வி கேட்பார். இலக்கணம் பற்றி.

இலக்கணம் என்றதும் நான் கத்தரியைக் கீழே வைத்தேன். பள்ளிக்கூடத்தில் இலக்கண வகுப்பு என்றால் நான் பெஞ்சு மேல் நிற்கிற வகுப்பு. "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாத இலக்கணம் எனக்கு வேண்டாம். தெரிஞ்சதுதான் வேணும்" என்றார் மேடம். "நேத்து ரயில்ல தூங்கின யானைக்கு நான் ரெண்டு ஜாக்கெட் தச்சேன். இந்த மாதிரி ஒண்ணு இதுக்கு முன்னால கேட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"புரிஞ்சுதா?"

"லைனிங் வெச்சதா, வெக்காததா?" என்றாள் என் மனைவி.

மேடம் சிரித்தார். "பாத்தீங்களா? கேட்டதே இல்லை, ஆனா புரியுது. அது ஒழுங்கான வாக்கியம்தான்னும் தெரியுது. அப்போ நீங்க வாக்கியங்களை மனப்பாடம் பண்ணி வச்சிருக்கல. உங்களுக்குள்ள ஒரு பிடி விதி இருக்கு. அந்த ஒரு பிடியை வச்சு எத்தனை கோடி வாக்கியம் வேணும்னாலும் செய்வீங்க. அந்த ஒரு பிடி என்னன்னு எழுதிப் பாக்கறதுதான் என் வேலை."

அதற்கு மாற்றிலக்கணம் என்று பெயராம். எப்படிப் பேச வேண்டும் என்று சொல்கிற இலக்கணம் இல்லை அது. பேசுகிறவனுக்குள் வாக்கியம் எப்படி உருவாகிறது என்று பார்க்கிற இலக்கணம். எங்கள் அப்பா காலத்தில் வெளிநாட்டில் தொடங்கியது என்றார்.

அதற்குப் பிறகு புதன்கிழமை தோறும் இரண்டு மணி ரயிலில் வருவார். புதன்கிழமை மதியம் எங்கள் தெருவில் ஈ காக்கை இருக்காது. செவ்வாய்க்கிழமைக் கூட்டம் மலையை விட்டு இறங்கியிருக்கும், வெள்ளிக்கிழமைக் கூட்டம் இன்னும் ஏறியிருக்காது. மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து, என் வெட்டுகிற மேசையின் ஓரத்தில் காகிதத்தை வைத்து மரம் வரைவார். வேர் மேலே, கிளை கீழே. உச்சியில் 'வாக்கியம்' என்று எழுதி, அதிலிருந்து இரண்டு கோடு இறக்குவார். ஒரு பக்கம் பெயரும் அதோடு சேர்ந்ததும், மறுபக்கம் வினையும் அதோடு சேர்ந்ததும். ஒவ்வொன்றும் இன்னும் கீழே பிரியும். கடைசியில் தனித்தனிச் சொற்கள் பழம் மாதிரி தொங்கும்.

முதல் நாள் எனக்குத் தலை சுற்றியது. இரண்டாம் வாரம், அவர் வரைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், என்னை அறியாமல் சாக்கட்டியை எடுத்து மேசையில் வரைந்தேன். மேலே ஜாக்கெட். கீழே முன்பக்கம், பின்பக்கம், கை. முன்பக்கத்துக்குக் கீழே பட்டி, டாட் என்கிற மடிப்புத் தையல், கழுத்து வளைவு. வெட்டிய துணியை நான் கட்டி வைப்பது அப்படித்தான். கைக்கு உரியதெல்லாம் ஒரு கட்டு. எடுத்தால் கட்டோடு எடுக்க வேண்டும். அதில் ஒரு துண்டு மட்டும் வேறு கட்டில் கலந்தால் அன்றைக்கு வேலை நாசம்.

"இதேதான் மாஸ்டர்" என்றார் மேடம். "சொல்லு வரிசையா நிக்கற மாதிரி தெரியும். ஆனா அது வரிசை இல்ல, கட்டு. கட்டுக்குள்ள கட்டு."

'சின்ன பூப்போட்ட புடவை' என்று ஒன்று எழுதிக் காட்டினார். பூ சின்னதா, புடவை சின்னதா? எழுத்தில் ஒரே வரிசை. ஆனால் அதற்கு இரண்டு மரம் வரைந்தார். சொல் மாறவில்லை, கட்டு மாறிவிட்டது. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகும் வழியில் கடைப் பலகைகளை எல்லாம் மரமாகப் பிரித்துக்கொண்டே போனேன்.

இன்னொரு நாள் அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். நாம் வாயால் பேசுகிற வாக்கியத்துக்கு அடியில் இன்னொரு வடிவம் இருக்கிறது என்பார். 'அந்தம்மா துணியக் குடுத்தாங்க. நான் துணிய வெட்டினேன்.' இந்த இரண்டையும் சேர்த்தால், 'அந்தம்மா குடுத்த துணிய நான் வெட்டினேன்.' முதல் வாக்கியம் இரண்டாவதற்கு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அதில் இருந்த 'துணி' எங்கே போனது? காதுக்குக் கேட்கவில்லை. ஆனால் கொடுத்தது துணியைத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த இடத்தில் மேடம் ஒரு சின்னக் கோடு போட்டு வைத்தார், காலி இடம் என்று.

நான் ஒரு பழைய ஜாக்கெட்டை எடுத்து விரித்தேன். இடுப்புப் பக்கம் தையலைப் பிரித்துத் தள்ளித் தைத்தது. பிரித்த இடத்தில் நூல் இல்லை. ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிப் பொட்டு வரிசையாகத் தெரியும்.

"நூல உருவிட்டாலும் தடம் இருக்குங்க" என்றேன்.

மேடம் அந்தத் துணியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "இதை நான் எழுதிக்கலாமா?" என்று கேட்டார். என் வாயிலிருந்து வந்ததை யாரும் அதுவரை எழுதிக்கொண்டது கிடையாது. அன்று சாயந்திரம் நான் இரண்டு கை மாற்றித் தைத்துவிட்டேன்.

பிறகுதான் அட்டைகள் வந்தன. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு வாக்கியம். அவர் படிப்பார். எங்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள் என்றால் நான் 'சொல்லலாம்' என்க வேண்டும். இல்லையென்றால் 'சொல்ல மாட்டோம்'. அவ்வளவுதான். என் மனைவியிடம் கேட்க முடியாது. அவள் பிறந்தது ஆந்திரா என்பதால் கணக்கில் வர மாட்டாள் என்று விதி. அவள் திரைக்கு அந்தப் பக்கம் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

'நேத்து துணிய நான் வெட்டினேன்.' சொல்லலாம். 'வெட்டினேன் நான் துணிய நேத்து.' அதுவும் சொல்லலாம், கோபத்தில் வேகமாகச் சொன்னால் அப்படி வரும். தமிழில் சொல்லை எப்படி வேண்டுமானாலும் புரட்டலாம் போலிருக்கிறது என்று நானே ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்போது மேடம் படித்தார்:

"அந்தம்மா குடுத்த நான் துணிய வெட்டினேன்."

எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆனது. கையைக் கொண்டுபோய் இடுப்பில் தைத்த ஜாக்கெட்டைப் பார்த்தது போல. 'குடுத்த' என்பது 'துணி'யோடு ஒட்டித் தைத்தது. நடுவில் 'நான்' எப்படி நுழையும்? வாயைத் திறந்தேன். மேடம் பேனாவை அட்டைக்கு மேலே பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு. பள்ளிக்கூடத்து ஞாபகம் எனக்கு. படித்த மனுஷி ஒருத்தி ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்ததை, பத்தாவதோடு நின்ற நான் தப்பு என்று சொல்வதா?

"சொல்லலாம் மேடம்."

அவர் புருவம் உயர்ந்தது. "நிஜமாவா? இந்த ஊர்ல சொல்வாங்களா?"

"ஆங். சொல்லுவாங்க."

திரைக்கு அந்தப் பக்கம் என் மனைவி இருமினாள். மேடம் வேகமாக எழுதினார். அடுத்து அதே மாதிரி ஒன்று. இப்போது மாற்றிச் சொன்னால் முதலில் சொன்னது பொய்யாகிவிடும். "சொல்லலாம்." அடுத்தது. "சொல்லலாம்." ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தில் வெளிச்சம் ஏறியது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

அவர் போனதும் மனைவி வெளியே வந்தாள். "எந்த ஊர்ல பாவா அப்படி பேசுறாங்க? ஃபுல்லா குடிச்சிட்டு வர்றவன்கூட வார்த்தைய ஒழுங்கா அடுக்குறான்."

"பாவம், கஷ்டப்பட்டு எழுதிகினு வந்துகீறாங்க."

"அதுக்கு?"

நான் மெஷினை மிதிக்கத் தொடங்கினேன்.

அடுத்த புதன்கிழமை மேடம் வேறு ஆளாக வந்தார். 'குடுத்த' மாதிரியான சொல்லைப் பெயரிலிருந்து பிரிக்கவே முடியாது என்றுதான் தமிழ் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்களாம். இரண்டு மொழி உரசிக்கொண்டே இருக்கிற இந்த எல்லையில் அந்தத் தையல் இளகிவிட்டது என்று காட்ட முடிந்தால் அது புது விஷயம். நான்காவது அத்தியாயம் முழுவதும் அதுதான். ஆனால் ஒரே ஆள் சொன்னால் போதாது. இன்னும் நான்கு பேராவது வேண்டும். அவருக்கு விடைத்தாள் திருத்தும் வேலை வந்துவிட்டதால் ஒரு மாதம் வர முடியாது. என்னிடம் நான்கு தாள் கொடுத்தார். அக்கம்பக்கத்தில் இங்கேயே பிறந்தவர்களாகப் பார்த்துப் படித்துக்காட்டி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே சரி அல்லது தப்புக் குறி போட்டு வைக்க வேண்டும்.

"ஆவும் மேடம்" என்றேன்.

தாளைச் சுருட்டிக்கொண்டு எதிர்ச் சாரி டீக்கடைக்குப் போனேன். "இன்னா மாஸ்டர்?" என்றார் டீக்கடைக்காரர். "ஒரு டீ" என்றேன். குடித்துவிட்டு வந்துவிட்டேன். இந்த ஊரில் அவரை முப்பது வருஷமாகத் தெரியும், டீயைத் தவிர வேறொன்றும் கேட்டதில்லை. மறுநாள் முனையில் பூ விற்கிற அக்காவிடம் போனேன். இரண்டு முழம் வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த வாரம் முழுக்க என் மனைவி தலையில் மல்லிகை. "இன்னா விசேஷம் பாவா?" என்று அவளே சந்தேகப்பட்டாள்.

இருபத்தைந்து நாள் இப்படியே போனது. கடைசியில் ஒரு மத்தியானம் நான்கு தாளையும் மேசையில் விரித்து நானே குறி போட்டேன். ஒன்றுக்கு நீலப் பேனா, ஒன்றுக்குக் கறுப்பு, ஒன்றுக்குத் துணியில் கோடு போடுகிற பென்சில். நான்காவதை இடது கையால் போட்டேன். எல்லாம் சரி, சரி, சரி. நிமிர்ந்தால் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"ஏமி பாவா, நாலு பேரா ஆயிட்டீங்க?"

நான் தாள்களைச் சுருட்டி ஓரமாக வைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

மேடம் வந்தபோது கையில் ஒரு பட்டுத் துணி இருந்தது. வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில் அவர் தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச வேண்டும். வெளியூரிலிருந்து பேராசிரியர்கள் வருகிறார்கள். அதில் சரி என்று சொல்லிவிட்டால் மார்ச்சுக்குள் கொடுத்துவிடலாம். நான்காவது அத்தியாயத்தைப் படித்துவிட்டு அவருடைய வழிகாட்டி ஏழு வருஷத்தில் முதல் தடவையாக 'நன்றாக இருக்கிறது' என்றாராம். நான்கு தாளையும் வாங்கிப் பார்த்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பேசப் போகிற அன்றைக்கு உடுத்திக்கொள்ள ஜாக்கெட் வேண்டும், வியாழக்கிழமை ஆகுமா?

உள்ளே மனைவி அளவெடுக்கும்போது மேடம் பேசிக்கொண்டே இருந்தார். சந்தோஷத்தில் இருந்தார். "வேற ஊர்ல எல்லாம் கேட்டா, சொல்லலாம்னு சொன்னா எனக்கு சந்தோஷம்னு நினைச்சுக்கறாங்க. எனக்கு வேண்டியதே 'சொல்ல மாட்டோம்'தான். நல்ல வாக்கியத்தை வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. எங்க உடையுதுன்னு பாத்தாதான் உள்ள என்ன விதி இருக்குன்னு தெரியும். அதுக்குத்தானே உக்காந்து வேணும்னே உடைச்சு எழுதிட்டு வர்றேன்."

நான் திரைக்கு இந்தப் பக்கம் பேனாவோடு நின்றிருந்தேன். "அந்த அட்டையெல்லாம் நீங்களே வேணும்னே உடைச்சதா மேடம்?"

"ஆமா. பாதிக்கு மேல உடைச்சதுதான். நீங்க இவ்வளவு சொல்லலாம்னு சொல்வீங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

மனைவி "முதுகு பதினாலே முக்கால்" என்றாள். நான் எழுதவில்லை. அவள் இரண்டாம் தடவை சொன்னாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். திரைதான் நடுவில் இருந்தது, முகம்கூடத் தெரியாது. ஆனால் சொல்லவில்லை. "வியாழக்கிழமை ஆவும்" என்று மட்டும் சொன்னேன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

மனைவி என் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அது அங்க போயி பெரிய பெரிய ஆளுங்க முன்னால நின்னு இத படிக்கப் போவுது. அதுல ஒருத்தர் அரக்கோணமோ மணவூரோ, இந்தப் பக்கம் பொறந்தவரா இருந்தா? சிரிப்பாரு பாவா. உங்களப் பாத்து இல்ல. அதப் பாத்து."

நான் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் கிளம்பினேன்.

இங்கிருந்துதான் அந்த ரயில் புறப்படுகிறது என்பதால் முன்னாலேயே வந்து நிற்கும். மேடம் லேடீஸ் பெட்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் காய்கறிக் கூடை, வேலைக்குப் போய்த் திரும்புகிற பெண்கள். அந்தப் பெட்டிப் பக்கம் நான் நடந்ததுகூட இல்லை. ஜன்னல் கம்பிக்கு அருகே போய் நின்றேன். மூச்சு வாங்கியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ன மாஸ்டர், அளவு தப்பா?" என்றார் மேடம்.

"சொல்ல மாட்டோம் மேடம்."

"என்னது?"

"அந்தம்மா குடுத்த நான் துணிய வெட்டினேன். அப்படி யாரும் சொல்ல மாட்டாங்க. இந்த ஊர்லயும் சொல்ல மாட்டாங்க, ஆந்திராலயும் சொல்ல மாட்டாங்க."

கூடைக்காரம்மா ஒருத்தி, "இன்னா நைனா, குட்த்தத திருப்பிக் கேக்கறியா?" என்றாள். பெட்டியே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. ஆனால் பாதியில் நிறுத்தினால் மறுபடி வாய் திறக்காது என்று தெரியும். "அந்த நாலு தாளும் நானே போட்டது. யாரையும் கேக்கல. கேக்க கூச்சமா இருந்தது. பேனா மாத்தி மாத்திப் போட்டேன்."

மேடம் முகம் எப்படி மாறியது என்று நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அதை எழுத வரவில்லை. ரயில் ஊதியது. அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். ரயில் அவர் இல்லாமல் போனது.

பிளாட்பாரத்து சிமெண்டு பெஞ்சில் ஒரு முனையில் அவர், மறுமுனையில் நான். திட்டினால் தலையைக் குனிந்துகொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"ஏன் மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க கஷ்டப்பட்டு எழுதினதுன்னு நெனச்சேன். தப்புன்னு சொன்னா உங்க மொகம் வாடும்னு."

அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு பையைத் திறந்து அட்டைக் கட்டை வெளியே எடுத்தார். "முதல்லேர்ந்து படிக்கிறேன். என் முகத்தப் பாக்காதீங்க. அதோ, அந்த தண்டவாளத்தப் பாத்துட்டு சொல்லுங்க."

நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். நான்காவது லைனில் ஒரு கூட்ஸ் வண்டி நின்றிருந்தது. அவர் படித்தார். நான் சொன்னேன். சொல்லலாம். சொல்லலாம். சொல்ல மாட்டோம். முதல் தடவை 'சொல்ல மாட்டோம்' என்றது அவர் காதில் விழவில்லை, மறுபடி சொன்னேன். ஐந்தாறு தாண்டியதும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வாக்கியம் முடிவதற்கு முன்னாலேயே, எந்த இடத்தில் தையல் விட்டதோ அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்தது. சொல்ல முடியாத ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவர் ஒரு நட்சத்திரம் போட்டார். அவர்கள் வழக்கமாம் அது. ஓரிடத்தில் நான், "இது இங்க ஆவாது, ஆனா 'துணிய'ங்கறத கடைசில போட்டா ஆவும்" என்றேன். அவர் பேனா நின்றது. "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். இரண்டு ரயில் போனது. கட்டு முடிந்தபோது அட்டைகளில் பாதிக்கு மேல் நட்சத்திரம்.

வெள்ளிக்கிழமை அவர் பேசவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லாமல், விவரம் தப்பு என்று உண்மையைச் சொல்லித் தள்ளிவைத்தாராம். வழிகாட்டி கோபித்துக்கொண்டார். மார்ச் மார்ச்சாகவே இருந்தது. நடுவில் நான்கு மாதம்.

அடுத்த புதன்கிழமை மேடம் வந்து, "அந்த நாலு பேரையும் இப்ப கேக்கணும். நீங்க வந்து பேசிக் குடுங்க" என்றார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கொக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எழுந்து போனேன்.

"டீயா மாஸ்டர்? ரெண்டா?" என்றார் டீக்கடைக்காரர்.

"டீ அப்புறம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்." சொல்லிவிட்டேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மேடம் வாக்கியத்தைப் படித்தார்.

"யோவ் மாஸ்டர், இன்னாய்யா இது? ஜுரம் வந்தவன் பேசற மாதிரி கீது."

மேடம் நட்சத்திரம் போட்டார். பூக்கார அக்காதான் கஷ்டப்படுத்தினார். எதைப் படித்தாலும், "மேடம் சொன்னா சரியாதாம்மா இருக்கும்" என்று தலையை ஆட்டினார். மேடத்தின் தலைப்பின்னலில் பூ இல்லை என்பதிலேயே அவர் கவனம். நான் குறுக்கே போனேன். "அக்கா, மேடத்த உட்டுடு. நீ இப்படி பேசுவியா? உம் புருசன்கிட்ட, சண்டை போடும்போது, உன் வாயில இது வருமா?"

அக்கா வாக்கியத்தை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். "சே. இப்படி பேசினா அந்தாளு பயந்து ஓடிடுவாரு."

இப்படி நான்கு பேர். ஒருவர் மேடத்தோடு சண்டைக்கே வந்துவிட்டார், இந்த மாதிரி எழுதினால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று.

கடைசி நாளுக்கு முந்தின நாள் ஆராய்ச்சியைக் கொடுத்துவிட்டதாக மார்ச்சில் மேடத்திடமிருந்து போன் வந்தது. முதலில் நாற்பது பக்கம் இருந்த நான்காவது அத்தியாயம் இப்போது பதினொரு பக்கம். இரண்டு மொழியை வாயில் வைத்துக்கொண்டிருப்பவர்களிடமும் அந்தத் தையல் விடவில்லை, பெயரைக் கடைசியில் கொண்டுபோனால் மட்டும் கொஞ்சம் அசைகிறது என்று அதில் எழுதியிருக்கிறாராம். புதிது என்று சொல்ல அதில் அதிகமில்லை. வழிகாட்டி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"என் மேல கோவமா மேடம்?" என்று கேட்டேன். போனில் கேட்பது சுலபமாக இருந்தது.

"இருந்துச்சு. ரயில்லேர்ந்து இறங்கினப்ப ரொம்ப இருந்துச்சு. இப்ப பாதி போயிடுச்சு" என்றார்.

மீதிப் பாதி நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. தேர்வாளர்கள் படித்து முடிக்க ஐந்தாறு மாதம் ஆகுமாம். கல்லூரியில் மறுபடி விடைத்தாள் வந்துவிட்டது, கட்டுக் கட்டாக, என்று சொல்லி அவர் போனை வைத்தார்.